பயிற்சி மையத்துக்குத் தலைமை தாங்க எந்த வழி?

வணக்கம் அண்ணா. மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த மகன், போர்ட்டிக்சன் தரைப்படை அடிப்படைப் பயிற்சி மையத்துக்கு ஒருநாள் தலைமை தாங்க விரும்புகிறான், சிப்பாயாகவே சேரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

நானும் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைதான். என் அண்ணன் சிப்பாயாகச் சேர்ந்து சார்ஜன் ஆனார். விடியுமுன்பே திடலில் நின்று, புதியவர்களின் பூட்ஸ் கயிற்றைக்கூடக் குனிந்து சரிபார்ப்பார். அருமையான பணி. ஆனால் மையத்தை நடத்துபவர் மூத்த அதிகாரி. அதிகாரிகளின் முதல் படியான லெப்டினன் மூடாவாகத் தொடங்கி, மேஜராகக் கம்பெனி என்ற படைப்பிரிவையும், லெப்டினன் கர்னலாகப் பல கம்பெனிகள் அடங்கிய பட்டாளியனையும் வழிநடத்திய பிறகே பெரும்பாலும் அந்த நாற்காலி கிடைக்கும். பல ஆண்டுப் பொறுமை வேண்டும்.

ஆகவே முதலில் சுங்கை பெசி தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பயிலும் அதிகாரியாக (கேடட்) விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கணிதத்தில் அவன் எப்படி?