குழாயைத் திறந்துவிட்டு அழுதவருக்கு

அன்புள்ள சார்,

குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். தனியார் பள்ளி ஆசிரியை. அம்மை விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாள். மகனுக்கு அரையாண்டுத் தேர்வு. நகைக்கடனை இந்த மாசம் திருப்பி வைக்கணும். சமையலறை ஓடு ஒழுகுகிறது. விடைத்தாள் கட்டு அப்படியே கிடக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்றது நினைவுக்கு வந்து கை நின்றுபோகிறது. நேற்று சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இதைவிட அதிகம் சுமக்கிற பெண்கள் இருக்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

அந்தக் குழாய்தான் என்னை உலுக்கிவிட்டது. ஐந்து வேலைகளை எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் சத்தம் கேட்கக் கூடாது என்றால், கேட்கிற தூரத்தில் யாரோ இருந்திருக்கிறார்கள்.

கை நின்றுபோவது சோம்பல் இல்லை. முடித்த வேலையைவிடப் பாதியில் நிற்கும் வேலையே நினைவில் ஒட்டிக்கொள்கிறது என்று புளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-லேயே எழுதினார். உங்களுக்கு ஐந்தும் பாதியில் நிற்கின்றன, ஐந்தும் ஒரே நேரத்தில் கூப்பிடுகின்றன.

என் அப்பா ரப்பர் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். பட்டையில் கத்தி சரிவாக ஓடும், அந்தத் தடத்தில் பால் இறங்கிச் சிரட்டையில் சொட்டும். இன்று வெட்டிய மரத்தை நாளை தொடமாட்டார். விலை ஏறிய ஒரு வருஷம் தோட்டக்காரர் தினமும் வெட்டச் சொன்னார். முதலில் பால் கூடத்தான் செய்தது. பிறகு சில மரங்களில் கத்தி போட்டாலும் தடம் வறண்டே நின்றது. அப்பா அந்தப் பட்டையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பக்கத்து மரம் தருகிறதே, உனக்கென்ன என்று அந்த மரத்திடம் யாரும் கேட்கவில்லை. நீங்களும் உங்களிடம் அப்படிக் கேட்காதீர்கள்.

இன்று ராத்திரி ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதி மடித்து வைத்துவிடாமல், வீட்டில் இருப்பவரை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தலைக்குள் மட்டுமே அந்தப் பட்டியல் இருப்பதுதான் பெரிய சுமை என்று நினைக்கிறேன். “கொஞ்சம் உதவுங்க” என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. “நகைக்கடன் உங்க பொறுப்பு, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்” என்று சொல்லுங்கள். அதற்குத்தான் தேதி இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் இருந்தால் வாரத்தில் இரண்டு ராத்திரி அம்மையோடு படுக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கும் அம்மைதானே. விடைத்தாளில் ஒரு நாளைக்குப் பத்து போதும். ஓட்டுக்கு இப்போது தார்பாய் போடுங்கள், மழை விட்டுத் தை பிறந்தபின் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால், அல்லது இருந்தென்ன என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. நேரில் போவதென்றால் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

மகனின் புத்தகத்தை அம்மையின் கட்டிலுக்குக் கொண்டுபோங்கள். எழுந்திருக்கத்தான் அவளால் முடியாது. பேரன் ஒப்பிப்பதைப் படுத்துக்கொண்டே கேட்பாள். நேற்று அந்தக் குழாய் ரொம்ப நேரம் ஓடியதும் அவளுக்குக் கேட்டிருக்கும்.