எம்.எட். ஆய்வேட்டுக்கு நம்பத்தகுந்த ஆய்வுக் கட்டுரைகளை எப்படித் தேடுவது, எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

எம்.எட். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்கத் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையங்களுக்குப் போன ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன்தான் அவருடைய தலைப்பு. தொடர்புடைய ஆய்வுகள் முப்பதாவது வேண்டும் என்கிறாராம் வழிகாட்டி. தேடினால் குவியல் குவியலாக வருகிறது, எதை நம்பி எடுப்பது என்பதே கேள்வி.

நானும் அரசுப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே எம்.எட். முடித்தவள்தான். நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதே தவறை இன்றும் பல ஆய்வேடுகளில் பார்க்கிறேன்.

என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இப்படி எழுதியிருந்தேன்: படித்ததில் 10 விழுக்காடு, கேட்டதில் 20 விழுக்காடு, பார்த்ததில் 30 விழுக்காடு, தானே செய்ததில் 90 விழுக்காடு நினைவில் நிற்கும். அடைப்புக்குறிக்குள் எட்கர் டேல், 1946. பி.எட். படித்த எல்லோருக்கும் இந்த அனுபவக் கூம்பு தெரிந்திருக்கும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது டேல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் வருதும்மா?" என்று கேட்டார். நான் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டதில்லை. சீனியர் அக்கா ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்திருந்தேன், அவர் ஒரு பி.எட். நோட்ஸிலிருந்து எடுத்திருந்தார். தேர்வாளர் கோபப்படவில்லை. "போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பார்த்தேன். டேல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஒலி-ஒளிக் கருவிகளைக் கொண்டு கற்பிப்பது பற்றி அவர் 1946-ல் எழுதிய புத்தகத்தில் கூம்பு இருக்கிறது. அடியில் நேரடி அனுபவம், உச்சியில் சொற்குறிகள். ஆனால் அந்தக் கூம்பில் ஒரு விழுக்காடுகூட இல்லை. கூம்பை அளவுக்கு மீறி நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பிந்தைய பதிப்பில் அவரே எச்சரித்திருக்கிறார். அந்த எண்கள் 1967-ல் ஒரு திரைப்பட, ஒலி-ஒளித் தொழில் இதழில், எந்த ஆய்வையும் சுட்டாமல் அச்சாகியிருக்கின்றன. பிற்காலத்தில் யாரோ அவற்றைக் கூம்போடு ஒட்ட, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இதையெல்லாம் தோண்டியெடுத்து 2014-ல் 'எஜுகேஷனல் டெக்னாலஜி' இதழில் நான்கு கட்டுரைகள் வந்தன. 10, 20, 30, 50, 70, 90 என்று இவ்வளவு வழவழப்பான எண்கள் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது என்பது அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஒரு கூற்றைப் பார்த்தால் அது பிறந்த இடம் வரை போகிறேன். யார் எண்ணினார்கள், யாரை எண்ணினார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று தேடுகிறேன். இந்த மூன்றுக்கும் விடை இருக்கும் கட்டுரையில் குறைகள் இருந்தாலும் அதோடு வாதாட முடியும். விடையே இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பெயர் அதன்மேல் இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். இல்லம் தேடிக் கல்வி பற்றி நாளிதழ்ச் செய்திகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் பலவும் ஒரே ஆய்வைத்தான் சுட்டுகின்றன: அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் எழுதி, 2022-ல் அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வு மையம் செயல்தாளாக வெளியிட்டது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகள். கொரோனாவுக்கு முன்பு, 2019-ல், அதே ஊர்களில் எடுத்த அளவீடு அவர்கள் கையில் இருந்தது. அதனால்தான் 2021 டிசம்பரில் கற்றல் இழப்பு எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, மீண்டதில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த 24-ஐக் கவனமாகப் படியுங்கள். வாசிப்பு 24 விழுக்காடு கூடியது என்று எழுதினால் அது பிழை. 24 விழுக்காட்டுப் பிள்ளைகள் தேறினார்கள் என்பதும் பிழை. மீண்ட பகுதியில் 24 விழுக்காடு என்றால், மொத்த இழப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். அடுத்து, மையத்துக்கு யார் போக வேண்டும் என்று குலுக்கல் போட்டு யாரும் பிரிக்கவில்லை. விருப்பப்பட்ட பிள்ளைகள் போனார்கள். போனவர்களையும் போகாதவர்களையும் முந்தைய மதிப்பெண்ணோடு சேர்த்து ஒப்பிட்டுத்தான் பங்கைக் கணக்கிட முடியும். உங்கள் ஆய்விலும் இதே சிக்கல் வரும்: மையத்துக்கு ஒழுங்காக வந்த பிள்ளையின் வீட்டில் ஏற்கெனவே படிப்பில் அக்கறை இருந்திருக்கலாம். பெரிய ஆய்வாளர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று அந்தக் கட்டுரையிலேயே கற்றுக்கொள்ளலாம். இன்னொன்று, செயல்தாள் என்பது சக மதிப்பாய்வுக்கு, அதாவது அதே துறை ஆய்வாளர்கள் படித்துச் சோதிப்பதற்கு, முந்தைய வடிவம். ஆய்விதழில் வந்த வடிவம் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதையே காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே எண்கள் மாறியிருப்பதும் உண்டு.

இப்படி ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்துவிட்டால் பாதித் தேடல் முடிந்தது. கூகுள் ஸ்காலரில் அதன் கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலுக்கு ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தட்டினால் அதற்குப் பின் வந்தவை கிடைக்கும். கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்தால் அதற்கு முன் வந்தவை கிடைக்கும். மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பால்சகி என்ற உதவி ஆசிரியைகளை வைத்து நடத்திய சோதனையை பானர்ஜி, கோல், டஃப்லோ, லிண்டன் நால்வரும் 2007-ல் வெளியிட்டார்கள். அங்கே குலுக்கல் முறை உண்டு. உங்கள் தலைப்புக்கு அது அண்ணன் முறை. இப்படி முன்னும் பின்னும் நடந்தால், தேடுபெட்டியில் ஐம்பது முறை தட்டுவதைவிட நல்ல அறுவடை கிடைக்கும்.

கல்விக்கென்றே உள்ள தரவுத்தளம் எரிக். அமெரிக்கக் கல்வித்துறையுடையது, 1960-களிலிருந்து இருக்கிறது, பணம் கட்ட வேண்டாம். சக மதிப்பாய்வு பெற்றவை மட்டும், முழுக்கட்டுரை கிடைப்பவை மட்டும் என்று வடிகட்டிக்கொள்ளலாம். பதிவெண் இ.ஜே. என்று தொடங்கினால் ஆய்விதழ்க் கட்டுரை, இ.டி. என்று தொடங்கினால் அறிக்கை, மாநாட்டுத் தாள் போன்றவை. நம் மனதில் தோன்றும் சொல்லைவிட, அவர்கள் வைத்திருக்கும் சொல்லடைவிலிருந்து 'ரெமிடியல் இன்ஸ்ட்ரக்ஷன்', 'ஆஃப்டர் ஸ்கூல் புரோகிராம்ஸ்', 'ரீடிங் அச்சீவ்மென்ட்' போன்றவற்றை எடுத்துப் போட்டால் வலை சரியான இடத்தில் விழும். குறை என்னவென்றால் அமெரிக்க ஆய்வுகளே அதில் மிகுதி.

நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையம் நடத்துகிறது. எதையும் இலவசமாகத் திறந்து படிக்கலாம். ஆனால் அங்கே தரம் மேடும் பள்ளமுமாக இருக்கும். நம் கல்வியியல் துறையில் ஒரு வார்ப்பு உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும்: 300 மாணவர்கள், ஆய்வாளரே தயாரித்த வினாநிரல், ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார் என்று இரண்டிரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை வரிசையாக, "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று முடிவு. அந்த வினாநிரலை எப்படிச் சோதித்தார்கள், பள்ளிகளை எப்படித் தேர்ந்தார்கள் என்று ஒரு பக்கம்கூட இல்லாவிட்டால் அந்த முடிவை எடுக்காதீர்கள். அதன் நூற்பட்டியலை மட்டும் பாருங்கள், சில நேரம் அதில் பொன் இருக்கும்.

புள்ளிவிவரத்தை எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். பிரதம் என்ற தன்னார்வ அமைப்பின் அசர் கல்வி ஆய்வு 2005-ல் தொடங்கியது. கிராமப்புற வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. அதன் மிகக் கடினமான வாசிப்புப் பகுதியே இரண்டாம் வகுப்புத் தரம்தான். தேசிய அடைவு ஆய்வு மத்திய அரசு பள்ளிகளுக்குள்ளே வைத்து நடத்தியது. இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நம் ஆய்வேடுகளில் வழக்கம். 2021-ல் டக் ஜான்சன், ஆந்த்ரெஸ் பராடோ இருவரும் இந்தத் தரவுகளையே ஆய்வுப் பொருளாக எடுத்து, தேசிய அடைவு ஆய்வின் மாநிலச் சராசரிகள் இயல்பைவிட உயர்ந்திருப்பதாகவும், மாநிலங்களின் வரிசை மற்ற ஆதாரங்களோடு ஏறக்குறைய ஒத்துப்போகவே இல்லை என்றும் காட்டினார்கள். அரசு முத்திரை இருப்பதால் மட்டும் ஓர் எண் உறுதியாகிவிடாது. தன்னார்வ அமைப்பின் எண்ணையும் அப்படியே விழுங்கக் கூடாது.

ஆய்விதழ்களைப் பற்றி. ஐ.எஸ்.எஸ்.என். எண் தரச்சான்று இல்லை, யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும் அடையாள எண் அது. யு.ஜி.சி. தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது. அதன்பின் வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டதாக அறிவித்தது. ஆகவே "யு.ஜி.சி. அங்கீகாரம்" என்று அட்டையில் போட்டிருந்தால் இன்று அதற்குப் பொருள் இல்லை. என்னோடு வேலை செய்த ஆசிரியை ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பை நம்பி, தன் கட்டுரையை வெளியிடப் பணம் கட்டினார். மூன்றாம் நாள் "ஏற்கப்பட்டது" என்று கடிதம் வந்தது. அந்த இதழைத் திறந்தால் கான்கிரீட் பற்றி ஒரு கட்டுரை, அடுத்தது யோகா, அதற்கடுத்தது வங்கிக் கடன், நடுவே இவருடைய கணிதக் கற்பித்தல். யாரும் அதைப் படித்துப் பார்க்கவே இல்லை. அவர் உழைத்து எழுதிய நல்ல கட்டுரை அது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இதழின் ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் உண்மையிலேயே கல்வியியலாளர்களா, அவர்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ் என்றால், அப்படிப்பட்ட இதழ்களைத் தொகுத்துத் தரும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் தேடுங்கள். இந்தியாவில் கல்விக்கு 'கன்டெம்பரரி எஜுகேஷன் டயலாக்', என்.சி.இ.ஆர்.டி.யின் 'இந்தியன் எஜுகேஷனல் ரெவ்யூ' இரண்டிலிருந்தும் தொடங்கலாம்.

ஏ.ஐ. கருவியிடம் மேற்கோள் கேட்டால் இல்லாத கட்டுரையை உள்ளது போலவே கொடுத்துவிடலாம்: ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாவற்றோடும். தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு ஸ்காலரில் தேடிக் கட்டுரையையே திறந்து பார்க்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள். சில கட்டுரைகள் வெளிவந்தபின் திரும்பப் பெறப்பட்டிருக்கும். அதற்கு ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் இலவசம்.

பணம் கேட்கும் கட்டுரைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஸ்காலரில் எல்லா வடிவங்களையும் காட்டும் இணைப்பைத் தட்டினால் ஆசிரியரின் பக்கத்தில் பி.டி.எஃப். இருக்கலாம். உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன, நூலகரிடம் கேளுங்கள். எதுவும் நடக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். நான் எழுதியபோது இரண்டே நாளில் அனுப்பினார்கள், கூடவே "உங்கள் ஆய்வு முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள்" என்று ஒரு வரியும் இருந்தது.

கடைசியாக ஒன்று, நம் துறையில் அதிகம் பேசப்படாதது. கட்டுரை முற்றிலும் நம்பத்தகுந்ததாக இருந்தும் உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் போகலாம். வாசிப்பு பற்றிய பெரும்பாலான ஆய்வுகள் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியவை, 26 எழுத்துக்களை வைத்துப் பேசுபவை. நம் பிள்ளை 247 எழுத்துகளோடு மல்லுக்கட்டுகிறது. சொனாலி நாக் 2007-ல் வெளியிட்ட கன்னட வாசிப்பு ஆய்வு, இப்படிப்பட்ட எழுத்துமுறையில் எல்லா எழுத்துக்களும் வசப்படத் தொடக்கப்பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியது. தமிழுக்கு அது பக்கத்து வீடு. அமெரிக்க ஆய்வு பத்தை அடுக்குவதைவிட அந்த ஒன்று உங்கள் இரண்டாம் அத்தியாயத்துக்கு உதவும்.

முப்பது என்ற எண்ணைப் பற்றி வழிகாட்டியிடம் பணிவோடு பேசிப் பாருங்கள். பதினைந்து கட்டுரைகளை ஆய்வுமுறைப் பகுதியோடு முழுக்கப் படித்து, ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் சொந்தக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அப்போதும் முப்பதுதான் என்றால், மிச்சம் பதினைந்தும் அந்தக் கட்டுரைகளின் நூற்பட்டியல்களிலேயே கிடைக்கும்.