பத்தாவது முடித்த பிள்ளைகள் ஏன் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் கேட்கிறார்கள்?

கேள்வி: அம்பத்தூரில் இருக்கிறோம். மகன் பத்தாவதில் 500-க்கு 398 எடுத்திருக்கிறான். பிளஸ் 1 வேண்டாம், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்கிறேன் என்கிறான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் ஏன் இந்த முடிவுக்கு வருகிறார்கள்? பின்னால் பி.இ. படிக்க வழி இருக்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். வழி இருக்கிறது. அது தெரிந்துதான் பல பிள்ளைகள் இந்தப் பக்கம் வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் 2-வுக்கு 2 ஆண்டு, பி.இ.க்கு 4, ஆக 6. பத்தாவது முடித்து நேராக பாலிடெக்னிக் போனால் டிப்ளமோ 3 ஆண்டு; அதை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தால் இன்னும் 3. அதுவும் 6 தான். ஐ.டி.ஐ. 2, டிப்ளமோவில் இரண்டாம் ஆண்டிலிருந்து 2, பி.இ. 3 என்று போனால் 7. கூடுதலாகப் போவது ஒரே ஓர் ஆண்டு. இடையில் வீட்டு நிலைமையால் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும் கையில் வேலைக்குப் போகிற சான்றிதழ் இருக்கும். பி.இ. மூன்றாம் ஆண்டில் நின்றுபோகிற பிள்ளையிடம் இருப்பது பிளஸ் 2 மார்க் ஷீட் மட்டும்தான்.

சறுக்குகிற இடமும் உண்டு. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக் எல்லாம் இரண்டாண்டு டிரேடுகள், அதாவது தொழிற்பிரிவுகள். வெல்டர், கோப்பா எனப்படும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பயிற்சி போன்றவை ஓராண்டு. சீக்கிரம் முடியுமே என்று ஓராண்டு டிரேடில் சேர்ந்துவிட்டு, பிறகு டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போய் நிற்கும்போதுதான் இரண்டாண்டு ஐ.டி.ஐ. கேட்பது தெரியவரும். உங்கள் மகன் கேட்டிருப்பது ஃபிட்டர். அந்த விஷயத்தில் சரியாகவே யோசித்திருக்கிறான். இன்னொன்று கணக்குப் பாடம். பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்பவர்கள் முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமல் மூன்றாம் செமஸ்டரில் வந்து உட்காருகிறார்கள். அரியர் அதிகம் விழுவது அங்கேதான். டிப்ளமோ கடைசி ஆண்டிலேயே நுண்கணிதத்தையும் அணிகளையும் தனியாகப் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

செலவும் ஒரு காரணம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பெண்ணுக்கு 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்திலும் பையனுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய காரணம் பட்டறைக்குள் இருக்கிறது. ஃபிட்டர் பிரிவில் முதல் வாரங்களில் இரும்புத் துண்டு ஒன்றை வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கி அரத்தால் ராவச் சொல்வார்கள். பார்க்க எளிது. ஆனால் ஆரம்பத்தில் எல்லோருக்கும் பரப்பின் நடு மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் வரும். அரம் கையில் ஊஞ்சல் மாதிரி ஆடுவதுதான் காரணம். தள்ளத் தொடங்கும்போது அழுத்தம் நுனியைப் பிடித்த இடது கையில் இருக்க வேண்டும். தள்ளிக்கொண்டே போகப் போக அது பிடியிலுள்ள வலது கைக்கு மாற வேண்டும். திரும்பி வரும்போது அழுத்தவே கூடாது, அரத்தின் பல் முன்னால் போகும்போது மட்டும்தான் வெட்டும். வைஸ் வாய் முழங்கை உயரத்தில் இல்லாவிட்டால் இதில் எதுவுமே சரியாக வராது. ராவி முடித்ததும் செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயரைப் பரப்பின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடிப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ராவணும்.

எட்டு மில்லிமீட்டர் மரை போடுவதும் இப்படித்தான். சாதாரண 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) மரைக்கு 6.8 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். 6.5-இல் போட்டுவிட்டு மரை வெட்டும் டேப்பைத் திருகினால் அது உள்ளேயே உடைந்து மாட்டிக்கொள்ளக்கூடும், 7.2 போட்டால் மரை ஆழமில்லாமல் போல்ட் சரியாகப் பிடிக்காது. அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருகி, வெட்டுப்பட்டு வரும் இரும்புச் சுருளை உடைத்து உடைத்துப் போக வேண்டும். செய்தது சரியா தப்பா என்று அன்றைக்கே, தன் கையிலேயே தெரிந்துவிடுகிறது. மார்ச் வரை காத்திருந்து மார்க்கைப் பார்த்துத் தன்னை எடைபோட்டுக்கொண்ட பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது பெரியவர்களுக்கு அவ்வளவாகப் புரிவதில்லை. நான் இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

வேலை விஷயத்தில், அம்பத்தூர் எஸ்டேட், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் தொழிற்சாலைகள் நிறைந்த, உங்களுக்குத் தெரிந்த இடங்களே. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) எடுக்கிறார்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) தேர்வு எழுத வெறும் பிளஸ் 2 போதாது, குறிப்பிட்ட ஐ.டி.ஐ. டிரேடோ டிப்ளமோவோ வேண்டும்.

அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கிண்டி, திருவான்மியூரிலும் உண்டு. இடம் கிடைக்காமல் தனியார் நிலையத்துக்குப் போவதானால், தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவான என்.சி.வி.டி.யின் அங்கீகாரம் அந்த நிலையத்தில் ஃபிட்டர் டிரேடுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் ஒவ்வொரு டிரேடுக்கும் தனித்தனி. வாசலில் தொங்கும் போர்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒருமுறை பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். வைஸ்களுக்குக் கீழே இரும்புத் தூள் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுங்கள். மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். இரண்டாண்டு முடிந்து சான்றிதழ் வரும் நேரத்தில் இந்தப் பிழை தெரிந்தால், அப்ரென்டிஸுக்கு விண்ணப்பிக்கும் தேதி தாண்டிப் போய்விடும்.