"பதினஞ்சாயிரம் சம்பளத்துக்கு எதுக்கு இந்த ஷோக்கு?"

கேள்வி: குறைந்த சம்பளத்தில் இருந்துகொண்டு ஓவியம், புகைப்படம், நல்ல உடை என்று ஆசைப்படுவது தவறா? காசில்லாமல் இதையெல்லாம் ரசிக்க வழி இருக்கிறதா?

"தவறா" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுதுகிறேன். யாரோ உங்களை ஏதோ சொல்லியிருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலை, பன்னிரண்டோ பதினைந்தோ ஆயிரம், அதில் பாதி ஊருக்குப் போகிறது, அறையில் நான்கு பேர் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

என்னைச் சொன்னது என் தாய்மாமா. 2017இல், காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் என் சட்டைக் கையைத் தடவிப் பார்த்து, "ஏம் மாப்ள, இது ரெண்டாயிரம் இருக்குமா?" என்றார். நான் சிரித்தேன். கழுத்தில் கேமரா வேறு தொங்கிக்கொண்டிருந்தது. "பதினஞ்சாயிரம் சம்பளத்துக்கு எதுக்குடா இந்த ஷோக்கு? உங்கம்மா இன்னும் புளி தட்டிக்கிட்டு இருக்கா." எதிர் வரிசை முழுக்கப் பெண் வீட்டார். ரசம் ஊற்றிக்கொண்டு வந்த பையன்கூட ஒரு நொடி நின்று என்னைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போனான்.

அதனால் சட்டைக் கணக்கை முதலில் தீர்த்துவிடுகிறேன். நான் கிருஷ்ணகிரி பக்கம் பர்கூரில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் பில் போடுகிறவன். குட்டி சூரத் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள், சேலை மூட்டைகள் லாரியில் வந்து இறங்கியபடி இருக்கும். சட்டைத் துணி ஒரு தான் (முழுச் சுருள்) தீரும்போது கடைசியில் ஒன்றரை, இரண்டு மீட்டர் மிஞ்சும். அந்தப் பிட்டை மொத்த வியாபாரி வாங்க மாட்டான், வேலை செய்கிறவர்களுக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். முழுக்கைச் சட்டைக்கு 36 பன்னா (36 அங்குல அகலம்) துணி என்றால் இரண்டே கால் மீட்டராவது வேண்டும், 58 பன்னா என்றால் 1.60 போதும். மாமா தடவிப் பார்த்தது 58 பன்னா காட்டன், சாம்பல் நிறம். துணி 190 ரூபாய், தையல் கூலி 300. இரண்டாயிரம் ரூபாய்க்கு நான் சட்டை போட்டதே கிடையாது.

துணி வாங்கும்போது ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடுகு போலக் கெட்டியாக நிற்கும். கலப்பு என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். அப்புறம் காலர் தேய்ந்துபோன சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய தையல்காரர் யாரிடமாவது காலரைத் திருப்பித் தைக்கச் சொன்னால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். இப்போது கடை போட்டிருக்கும் பையன்களிடம் கேட்டால் "அதுக்குப் புதுசே எடுத்துக்கலாமேண்ணா" என்பார்கள். உடையைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. நான்கே சட்டைதான் இருக்கிறது, நான்கும் அளவு சரியாக இருக்கும்.

கேமரா கதைதான் எனக்கு உறுத்துகிற கதை, ஏனென்றால் அதில் நான் ஏமாந்தேன்.

2016இல் சீட்டு எடுத்த பணத்தில் பெங்களூரு போய் ஒரு பழைய நிக்கான் டி3100 வாங்கினேன், 11,000 ரூபாய். கூட வந்த லென்ஸ் போதாது, பின்னணி மங்கலாக வர 50 எம்எம் வேண்டும் என்று யூடியூபில் சொன்னார்கள். இன்னொரு தரம் போய், வேறொரு ஆளிடம் 50 எம்எம் 1.8டி லென்ஸை 4,500க்கு வாங்கினேன். "எல்லா நிக்கானுக்கும் போடலாம் சார்" என்றார். பொய் சொல்லவில்லை, போடலாம்தான். வீட்டுக்கு வந்து மாட்டினால் திரையில் எஃப் ஈ ஈ என்று மூன்று எழுத்து மினுக்கிக்கொண்டே இருந்தது, பட்டன் வேலை செய்யவில்லை. அவருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. அன்றைக்கு இரவு அம்மாவிடம் லென்ஸ் விலையை 1,500 என்று சொன்னேன். இன்று வரை திருத்தவில்லை.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. அந்த லென்ஸில் வெளிச்சம் நுழைகிற துவாரத்தைக் கூட்டிக் குறைக்கிற அபர்ச்சர் வளையம் ஒன்று இருக்கிறது, அதை 22க்குத் திருப்பிப் பூட்டிவிட வேண்டும். பூட்டியதும் எஃப் ஈ ஈ போய்விட்டது. ஆனால் ஆட்டோஃபோகஸ் வரவே வராது. இந்த டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமரா உடலில் இருக்கிற மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும், டி3100 உடலில் அது இல்லை. வாங்க வேண்டியது அதே 50 எம்எம்மில் ஜி வகை, அதற்குள்ளேயே மோட்டார் இருக்கும். ஓர் எழுத்து வித்தியாசம், என் சம்பளத்தில் ஒன்பது நாள். பழைய சாமான் வாங்கப் போகிறீர்களா, உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து, நான்கு படம் எடுத்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

விற்கவும் மனசில்லை, வேறு வாங்கக் காசும் இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் இடது கீழ் மூலையில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி இருக்கும். கையால் வளையத்தைத் திருப்பிக்கொண்டே வந்தால், ஃபோகஸ் சரியான இடத்தில் அந்தப் புள்ளி நிலையாக எரியும். கொஞ்சம் தாண்டினால் அணைந்துவிடும். ஓடுகிற குழந்தையை இதை வைத்து எடுக்க முடியாது. அசையாத பொருள்தான் எடுக்க முடியும். எங்கள் ஊரில் அசையாமல் நிற்பது வேடியப்பன்.

வெளியூர்க்காரர்களுக்காக: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் பழைய நடுகற்களைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு நட்ட கல். சில கற்களில் வட்டெழுத்து இருக்கும், மாட்டு மந்தைக்கு அதில் "தொறு" என்று பெயர். எங்கள் ஊர்க் கல்லில் எழுத்து எதுவும் கிடையாது. ஏரிக்கரையில் மரம் மட்டை இல்லாத வெட்டவெளியில் நிற்கிறது, எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கன்னங்கரேல் என்று பளபளக்கும். சின்ன வயதிலிருந்து சுற்றி வந்த கல்.

முதல் இருபது முப்பது படமும் குப்பை. கறுப்புப் பொருளைப் பார்த்ததும் கேமரா இருட்டு என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை ஏற்றிவிடும், கல் சாம்பல் பூத்த மாதிரி வரும். பிளஸ் மைனஸ் பட்டனை அழுத்தி மைனஸ் ஒன்றுக்கு இறக்கினால்தான் கறுப்பு கறுப்பாக நிற்கும். அப்புறம் வெளிச்சம். விடியற்காலை எடு, அதுதான் பொன் வெளிச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் ஒரு வாரம் ஆறு மணிக்கு எழுந்து போனேன். கல் கிழக்குப் பார்த்து நிற்கிறது. காலை வெயில் நேராக முகத்தில் அடித்தால் செதுக்கியது எதுவுமே தெரியவில்லை, கறுப்புப் பலகை மாதிரி இருந்தது. ஒரு நாள் கடைக்கு லீவு, பதினொன்றரைக்கு மேல் போனேன். சூரியன் உச்சிக்கு ஏறி, வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு மேலிருந்து கீழே இறங்குகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே ஒரு நிழல். வில், அம்பு, இடுப்புக் குறுவாள் எல்லாம் எழும்பி வந்தன. வீரனின் கால் பக்கத்தில், மூலையில், மூக்கு வைத்த சொம்பு மாதிரி ஒன்று.

அந்தச் சொம்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இருபத்தைந்து வருடம் சுற்றியிருக்கிறேன். பாட்டியிடம் படத்தைக் காட்டினேன். "ஆமா, சாமிக்குத் தண்ணி வேணாமா?" என்றாள், என்னவோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி. கெண்டி என்று அதற்குப் பெயர், வேறு நடுகற்களிலும் உண்டு என்பதெல்லாம் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். கட்டணம் ஒன்றும் பெரிதில்லை. நான் போனபோது வெள்ளிக்கிழமை விடுமுறை, விசாரித்துவிட்டுப் போங்கள்.

காசில்லாமல் ரசிக்க வழி கேட்டீர்கள். பர்கூர் பக்கத்திலேயே மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களைத் தீட்டி வைத்திருக்கிறார்கள், எத்தனையோ நூற்றாண்டுப் பழசு. நான் தினமும் பில் போடுகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான் என்றாலும் முப்பது வயது வரை போனதில்லை. தர்மபுரி பக்கத்து அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் அண்ணாந்து பார்த்தால் கூரையெல்லாம் பழைய ஓவியம். சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து, விடிய விடிய, டிக்கெட் இல்லை. முன்னாடியே போய் வேஷம் கட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அரிதாரம் பூசித் தோளில் புஜக்கட்டை ஏறுவதற்குள் ஒரு விவசாயி துரியோதனன் ஆவதைப் பார்க்கலாம். எனக்கு அது கூத்தைவிடப் பிடிக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான். வருடா வருடம் ஜனவரியில் குமாரகிருபா சாலையில் சித்திரச் சந்தை நடக்கும், ரோடு முழுக்க ஓவியர்கள், நுழைய ஒரு பைசா வேண்டாம். நூறு, இருநூறு ரூபாய்க்கும் படம் உண்டு. அரண்மனைச் சாலையில் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது, நான் போனபோது 20 ரூபாய் டிக்கெட். அங்கேதான் ஜாமினி ராய் படத்தின் முன்னால் நின்றேன். 1887இல் பிறந்த வங்காளத்துக்காரர். எண்ணெய்ச் சாயத்தை விட்டுவிட்டு மண், சுண்ணாம்பு, விளக்குக் கரி, அவுரி என்று கிடைத்ததைக் குழைத்துத் தீட்டினார், சாதாரண வீடுகளும் வாங்குகிற விலைக்கு விற்றார். சாயம் ஒட்டுவதற்கு அவர் சேர்த்தது புளியங்கொட்டைப் பசை என்று பிறகு படித்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் புளியங்கொட்டை மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

வறுமையில்தான் கலை பிறக்கும் என்று கதை விடுகிறான் என்று சிலர் வருவார்கள். அப்படி நான் சொல்லவில்லை. 4,500 ரூபாய் போனது போனதுதான், அந்த மாதம் வட்டிக்கு வாங்கினேன். காசு இருந்தால் ஜி லென்ஸ்தான் வாங்கியிருப்பேன், இந்தப் பதிலே எழுதியிருக்க மாட்டேன். "செல்போனிலேயே எடுக்கலாமே" என்று இன்னொரு கூட்டம் வரும். தாராளமாக எடுங்கள், வெயில் எல்லாருக்கும் ஒரே வெயில்தான். அம்மா வேலை செய்கிறாள், மகன் கேமரா வைத்திருக்கிறான் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வேண்டாம் என்றாலும் அவள் விடுவதில்லை. சும்மா உட்கார்ந்தால் கை வலிக்கிறது என்கிறாள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக வயிற்றில் கிடக்கிறது. அந்தக் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து அம்மாவைப் படம் எடுத்தேன். வாசப்படியில் பக்கவாட்டாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கதவு வழியாக வருகிற வெளிச்சம், வேடியப்பனுக்கு மேலிருந்து உரசிய மாதிரி, இவளுக்குப் பக்கத்திலிருந்து உரசியது. மைனஸ் ஒன்று வைத்தேன். விரலில் பிசுக்கு, நெற்றிச் சுருக்கம், கொட்டை தெறிக்கிற சின்னச் சுத்தி எல்லாம் வந்தது. டவுனில் ஒரு ஸ்டூடியோவில் 12க்கு 18 பிரிண்ட் கொடுத்தேன். வாங்கி வந்து பிரித்தால் வெள்ளைவெளேர் என்று ஒரு அம்மா. சுருக்கத்தைத் தேய்த்து, முகத்தில் மாவு பூசின மாதிரி ஏற்றி, உதட்டில்கூட லேசாகச் சிவப்பு. யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே செய்திருக்கிறார்கள். மஞ்சள் நீராட்டு பேனரிலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரைக்கும் எங்கள் ஊரில் செத்தவர்களும் வெள்ளை, வயதுக்கு வந்தவர்களும் வெள்ளை. இந்த வெயிலில் எங்கேயிருந்து வருகிறார்கள் இந்த வெள்ளைக்காரர்கள்?

அம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

திரும்பப் போனேன். கவர் மேல் "கலர் எதுவும் மாற்ற வேண்டாம்" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். இன்னொரு தரம் காசு வாங்கிக்கொண்டார்கள். "அண்ணா, அப்புறம் கறுப்பா இருக்குன்னு திருப்பிக் கொண்டுவரக் கூடாது" என்றான் கடைப் பையன். கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது பிரிண்டை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள். அப்புறம் இடது ஓரத்தில் விரலை வைத்து, "இந்தக் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சுட்டு எடுத்திருக்கலாம்ல?" என்றாள்.

நகர்த்தியிருக்கலாம்தான்.