ஐஈஎல்டிஎஸ் டாஸ்க் 1: தயாரிப்புமுறைப் படத்தை எழுதுவது எப்படி? கேள்வி பதில்

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் தேர்வில், உயர்கல்விக்குப் போகிறவர்கள் எழுதும் அகடமிக் பிரிவு ஒன்று உண்டு. அதன் எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் (டாஸ்க் 1) சில சமயம் ஒரு பொருள் தயாராகும் விதத்தைப் படமாகக் கொடுத்து விவரிக்கச் சொல்வார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. எல்லாப் பதிலுக்கும் கண்ணாடி பாட்டில் தயாரிப்பையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல், உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் கலந்து, சுமார் 1500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள உலையில் உருக்குகிறார்கள். உருகிய குழம்பைத் துண்டுதுண்டாக வெட்டி அச்சில் விழவிட்டு, காற்றை ஊதி பாட்டிலாக்குகிறார்கள். மெல்ல ஆறவிட்டு, சோதித்து, பெட்டியில் அடுக்குகிறார்கள். சோதனையில் தேறாதவை உடைக்கப்பட்டு மறுபடி உலைக்குப் போகின்றன.

நான் வணிகவியல் படித்தவள். உலை, அச்சு பற்றியெல்லாம் ஒன்றும் தெரியாது. இந்தப் படம் வந்தால் என்ன செய்வேன்?

பயமே வேண்டாம். பொருள்களின் பெயர், கருவிகளின் பெயர், வெப்பநிலை எல்லாம் பெரும்பாலும் படத்திலேயே எழுதியிருக்கும். படத்தில் இல்லாதது வினைச்சொல். அதைத்தான் நீங்கள் கொண்டுவர வேண்டும். படம் 'மிக்ஸிங்' என்றால் நீங்கள் 'ஆர் மிக்ஸ்ட்' என்று எழுதுகிறீர்கள். 'இன்ஸ்பெக்‌ஷன்' என்றிருந்தால் 'ஆர் இன்ஸ்பெக்டட்'.

சொல்லப்போனால் துறை தெரிந்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். மணல் உருகும் வெப்பநிலையைக் குறைக்கத்தான் சோடா சாம்பல் சேர்க்கிறார்கள் என்று விளக்கம் எழுதி நேரத்தை விடுவார்கள். விளக்கம் சரிதான், ஆனால் படத்தில் அது இல்லை. இல்லாததை எழுதக்கூடாது.

என் கட்டுரையில் இருந்த 'வில் பி' அத்தனையையும் திருத்தியவர் அடித்துவிட்டார். இலக்கணம் சரியாகத்தானே இருந்தது?

தனித்தனியாகப் பார்த்தால் பிழை இல்லை. ஆனால் வழக்கமாக நடப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்காலம்தான் இயல்பு. இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் தமிழிலிருந்து. 'மணலை உருக்குவார்கள், அச்சில் ஊற்றுவார்கள்' என்று சொல்லும்போது நாம் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்வதில்லை, எப்போதும் நடப்பதைச் சொல்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம். அதை மனத்துக்குள் மொழிபெயர்க்கும்போது 'வில்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. எழுதி முடித்ததும் 'வில்' என்ற சொல்லை மட்டும் தேடி ஒருமுறை படியுங்கள். 'தி மிக்ஸ்சர் வில் பி மெல்டட்' என்பது 'தி மிக்ஸ்சர் இஸ் மெல்டட்' ஆகட்டும்.

அப்படியானால் எல்லா வாக்கியத்தையும் செயப்பாட்டுவினையில் எழுத வேண்டுமா?

பெரும்பாலானவற்றை. யார் உருக்குகிறார் என்பது முக்கியம் இல்லாததால் 'தே மெல்ட்' என்பது பொருந்தாது. ஆனால் பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உருகுவது வேறு, உருக்குவது வேறு. ஆங்கிலத்தில் 'மெல்ட்', 'கூல்' போன்ற சொற்கள் இரண்டு வேலையையும் செய்யும். 'தி பாட்டில்ஸ் ஆர் கூல்ட்' என்றாலும் சரி, 'தி பாட்டில்ஸ் கூல் ஸ்லோலி' என்றாலும் சரி. 'ஹேப்பன்', 'கன்சிஸ்ட்' போன்றவை மட்டும் செயப்பாட்டுவினையாக வராது. 'இஸ் கன்சிஸ்டட் ஆஃப்' என்பது நான் அடிக்கடி திருத்தும் பிழை.

'தென்', 'ஆஃப்டர் தட்', 'நெக்ஸ்ட்'. இந்த மூன்றும்தான் எனக்கு வருகிறது. படிக்க எனக்கே அலுப்பாக இருக்கிறது.

தமிழில் 'கலந்து, உருக்கி, வெட்டி, ஊதி' என்று வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லாததால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாக்கியம், அதன் தலையில் ஒரு 'தென்' என்று எழுதிவிடுகிறோம். இணைப்புச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட வாக்கியங்களைச் சேர்க்கப் பழகுங்கள். 'தி மிக்ஸ்சர் இஸ் மெல்டட் இன் எ ஃபர்னஸ், ஃப்ரம் விச் இட் ஃப்ளோஸ்...' என்று ஒரு முறை. 'ஒன்ஸ் தி பாட்டில்ஸ் ஹேவ் கூல்ட், தே ஆர் இன்ஸ்பெக்டட்' என்று இன்னொரு முறை. 'பிஃபோர் பீயிங் பேக்ட்' என்று முடிக்கலாம். இந்த மூன்று வடிவம் கைவசம் இருந்தால் 'தென்' இரண்டு இடத்தில் வந்தாலும் உறுத்தாது.

ஓவர்வியூ எழுதாவிட்டால் என்ன ஆகும்?

படத்தின் மொத்தப் போக்கைச் சொல்லும் அந்தப் பத்தி இல்லையென்றால், பணியை நிறைவேற்றியதற்கான மதிப்பெண் பேண்ட் 5ஐ (9 வரை போகும் அளவில் 5ஐ) தாண்டுவது மிகவும் கடினம். நான்கு அளவுகோல்களில் அது ஒன்று, அதாவது கால் பங்கு. இரண்டு வாக்கியம் போதும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மொத்தம் எத்தனை கட்டம், எங்காவது திரும்பி வருகிறதா? நம் படத்துக்கு: மூலப்பொருளைக் கலப்பதில் தொடங்கிப் பெட்டியில் அடுக்குவதில் முடிகிறது, குறையுள்ள பாட்டில்கள் உலைக்குத் திரும்புகின்றன. அந்தத் திரும்பும் அம்புக்குறியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் படத்தில் இருக்கும் மிகச் சிறப்பான செய்தி, அதை விடாதீர்கள்.

எத்தனை சொற்கள்? முடிவுரை வேண்டுமா?

குறைந்தது 150. முடிவுரை தேவையில்லை, உங்கள் கருத்தும் வேண்டாம். கேள்வியில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதினால் அந்தச் சொற்கள் கணக்கில் வராது, மாற்றி எழுதுங்கள். 20 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். இரண்டாம் பகுதிக்கு இரட்டிப்பு மதிப்பு, அதற்கு 40 நிமிடம் வேண்டும்.

படம் வட்டமாக இருந்தால் எங்கே தொடங்குவது?

எண் போட்டிருந்தால் 1இல். இல்லையென்றால் மூலப்பொருள் உள்ளே வரும் இடத்தில். தொடக்கம் என்று எதுவுமே இல்லாத சுழற்சி என்றால் ஓர் இடத்தைத் தேர்ந்து, அது சுழற்சி என்பதை ஓவர்வியூவில் சொல்லிவிடுங்கள்.

ஐஈஎல்டிஎஸ்ஸின் இன்னொரு பிரிவான ஜெனரல் ட்ரெய்னிங் எழுதுபவருக்கும் இது வருமா?

வராது. அங்கே முதல் பகுதி கடிதம்.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. எப்படிப் பயிற்சி செய்யட்டும்?

தினமும் ஒரு படம். முதல் ஐந்து நிமிடம் எழுதவே வேண்டாம். ஒவ்வொரு அம்புக்குறிக்கு மேலும் ஒரு வினைச்சொல்லைப் பென்சிலால் குறியுங்கள்: மிக்ஸ்ட், மெல்டட், கட், ப்ளோன், கூல்ட், செக்ட், பேக்ட். 'ப்ளோ' என்பதை 'ப்ளோட்' என்று எழுதும் தவறு இந்த இடத்திலேயே கண்ணில் பட்டுவிடும். அப்புறம் கடிகாரத்தை வைத்து எழுதுங்கள்.