எலியின் கவனத்தையும் அவசரத்தையும் எப்படி அளக்கிறார்கள்?

எலி வாய் திறந்து பேசாதே, அதற்குக் கவனம் சிதறுகிறது என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை விளக்கால் கேட்கிறார்கள். எலி மூக்கால் பதில் சொல்கிறது.

1980களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ட்ரெவர் ராபின்ஸ் குழுவினர் உருவாக்கிய ஐந்து துளைச் சோதனையைப் பாருங்கள். சிறிய பெட்டி, அதன் வளைந்த சுவரில் வரிசையாக ஐந்து துளைகள், எதிர்ப்பக்கம் தீனித் தட்டு. எலி தட்டில் மூக்கை நுழைத்துத் தொடங்கியதும் 5 விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு ஏதோ ஒரு துளையில் அரை விநாடி விளக்கு மின்னும். அந்தத் துளைக்குள் மூக்கை விட்டால் அகச்சிவப்புக் கதிர் தடைபடும், கணினி குறித்துக்கொள்ளும், தீனி உருண்டை விழும். துளை மாறினால் 5 விநாடி இருட்டு, தீனியும் கிடையாது.

எத்தனை முறை சரியான துளையைத் தொட்டது என்பது கவனத்தின் அளவு. சுவாரசியம் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. பந்தி போடும் முன்பே இலைக்கு முன்னால் உட்காருகிறவரைப் போல, சில எலிகள் விளக்கு எரியும் முன்பே மூக்கை நுழைத்துவிடும். அதுதான் அவசரபுத்தி. காத்திருப்பை 7, 9 விநாடி என்று நீட்டினால் இந்தப் பிழை கூடிவிடும்.

எலி சும்மா நின்றால் மட்டும் உடனே கவனக்குறைவு என்று எழுதிவிடக் கூடாது. வயிறு நிறைந்திருக்கலாம். அதனால் தீனியை எடுக்க எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.