பசையைக் கழுவலாமா? தபால்தலைக் கேள்வி பதில்

மழைக்காலத்தில் முத்திரை படாத தலைகள் ஆல்பத் தாளில் ஒட்டிக்கொண்டன. எப்படி எடுப்பது ஐயா? (நாகர்கோவில்)

பிய்க்காதீர்கள். தண்ணீரிலும் போடாதீர்கள், பசை போய்விடும். மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈரப் பஞ்சை வைத்து, அதன்மேல் ஒரு வலைத்தட்டு வையுங்கள். ஒட்டிய பகுதியைத் தாளோடு வெட்டித் தட்டின்மேல் வைத்து மூடிவிடுங்கள். டப்பாவுக்குள் இருக்கும் ஈரக்காற்றே பசையை இளக்கும். அவ்வப்போது இடுக்கியால் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். எழும்பவில்லையென்றால் இன்னும் காத்திருங்கள். கழன்றதும் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்துங்கள்.

இனி ஆல்பங்களைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். மேலுள்ளவற்றின் பாரம்தான் இளகிய பசையைத் தாளோடு சேர்த்து அழுத்துகிறது. நிமிர்த்தி, நெருக்காமல், மழைச்சாரல் படும் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அலமாரியில் ஈரத்தை உறிஞ்சும் நீல நிறச் சிலிக்கா ஜெல் மணிகளைப் போடுங்கள். நீல நிறம் இளஞ்சிவப்பாகிவிட்டால் அதைச் சூடாக்கி உலர்த்தித்தான் மறுபடி பயன்படுத்த வேண்டும்.

பிளாஸ்டிக் உறையில் வைக்கலாமா? (சேலம்)

பிவிசி வேண்டவே வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் கசிந்து தலையைக் கெடுத்துவிடும். கிளாசின் எனும் வழவழப்பான மெல்லிய காகித உறையோ பாலியெஸ்டர் உறையோ வாங்குங்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? நம் ஊர் ஈரத்துக்குப் பசையைக் கழுவிவிடுவதே நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன். (சென்னை)

செய்யாதீர்கள் ஐயா. அந்தப் பசையும் தலையின் ஒரு பகுதிதான். 1948இல் சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகம் அச்சிட்ட காந்தி தலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். பசை கெடாத பத்து ரூபாய்த் தலைக்கும் கழுவியதற்கும் விலையில் பெரும் வித்தியாசம் உண்டு. போன பசை திரும்பாது. புதிதாகப் பசை பூசி விற்பதற்குப் பெயர் மோசடி.

அப்படியானால் ஜெர்மனியின் 1935 ஆஸ்ட்ரோபா தபால்தலைத் தாளை ஏன் கழுவச் சொல்கிறார்கள்? (அதே சென்னை வாசகர்)

நல்ல கேள்வி. மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். கோனிக்ஸ்பெர்க் கண்காட்சிக்காக வெளிவந்த அந்தத் தாளின் பசையில் கந்தக அமிலம் இருந்தது. அது காகிதத்தையே அரித்துப் பழுப்பாக்கி, நொறுங்கவைத்துவிடும். அங்கே பசையைக் காப்பாற்றினால் தாள் மிஞ்சாது. அதனால் கழுவுகிறார்கள். ஆனால் அது அந்தப் பசையின் குற்றம். நம் காந்தி தலைக்கு அந்த நோய் இல்லை, பிறகு மருந்து எதற்கு? ஈரம்தான் பிரச்சினை என்றால் ஈரத்தைத் தடுங்கள்.

நானும் அவர் கட்சிதான். பசையில்தானே பூஞ்சை வருகிறது? (தூத்துக்குடி)

காகிதத்திலும் வரும் அம்மா. பசையைக் கழுவிய தலைகளில் பழுப்புப் புள்ளி படர்ந்ததை நானே கண்டிருக்கிறேன். ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அது போதும். மாதம் ஒருமுறை, மழையில்லாத நாளில், ஆல்பத்தைத் திறந்து விசிறிக்காற்றில் புரட்டுங்கள். புள்ளி விழுந்த தலையை உடனே பிரித்துத் தனியே வையுங்கள்.

உறையில் ஒட்டிய பழைய தலையை எடுப்பது எப்படி? (ஈரோடு)

முத்திரை தெளிவாக இருந்தால் எடுக்காதீர்கள். ஊரும் தேதியும் தெரியும் முழு உறைக்குத்தான் மதிப்பு. எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஓரம் விட்டு வெட்டிக் குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிடுங்கள். வண்ண உறையென்றால் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், சாயம் இறங்கும்.

2006இல் வந்த சந்தன மணத் தலையை மற்றவற்றோடு வைக்கலாமா? (மதுரை)

தனி உறையில் வையுங்கள். 2007 ரோஜா, 2008 மல்லிகைத் தலைகளையும் அப்படியே.

பிளாஸ்டிக் ஆல்பம் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? (கரூர்)

சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பிவிசி வேண்டாம்.

கிழிந்த தலையை செல்லோ டேப் போட்டு ஒட்டலாமா? (திருச்சி)

கூடாது. அதன் பசை காகிதத்தில் ஊறி மஞ்சளாகும், பிறகு போகாது. கிழிந்தபடியே வையுங்கள்.

எங்கள் தாத்தாவின் ஆல்பம் என்ன விலை போகும்? (வேலூர்)

பார்க்காமல் விலை சொல்வதில்லை. அதுவரை ஒன்றையும் கழுவாதீர்கள்.